கழுவிக் கொடுத்த போன்

நாற்பதாம் நாள் விருந்துக்கு அழைத்தவர்களில் வந்தவர்கள் இவர்கள்தான். மேசையின் தலைமாட்டில், மாதா படத்துக்கு நேர் கீழே, பாதிரியார் ஒனுஃப்ரே. அவருக்கு வலப்பக்கம் கோயில் மணியடிக்கும் ஸம்ஃபீர், அன்று காலை அவசரமாகச் சவரம் செய்ததில் கன்னத்தில் ஒரு வெட்டுக்காயத்தோடு. இடப்பக்கம், வேலிக்கு அந்தப்புறத்து வீட்டுக் காத்திங்கா. ஜன்னலை ஒட்டிய பெஞ்சில், தோவாதெரோடு பால் லாரி ஓட்டிய இரண்டு பேர், தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு. கதவோரம், அடுப்புக்கு எழுந்து போக வசதியாக, வீட்டுக்காரி ப்ரொஃபீரா. அவளுக்கு எதிர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அது இறந்துபோன அவள் புருஷன் தோவாதெருடையது. அதன் முன்னாலும் ஒரு தட்டும், ஒரு துண்டு ரொட்டியும், கோப்பையில் ஒயினும் வைத்திருந்தார்கள்.

மகள் ஒதீலியா வரவில்லை. ஸ்பெயினில், ஸரகோஸா என்ற ஊரில், ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. அப்பாவை அடக்கம் செய்ய வந்துபோனதிலேயே அவளுக்கு இருந்த விடுப்பு தீர்ந்துவிட்டது.

ஜெபம் முடிந்தது. அவித்த கோதுமையில் சர்க்கரையும் அக்ரூட் பருப்பும் கலந்து ஆளுக்கு ஒரு கரண்டி சாப்பிட்டார்கள். பீன்ஸ் சூப் வந்தது, முட்டைக்கோஸ் இலையில் சோறும் இறைச்சியும் வைத்துச் சுருட்டியது வந்தது. ஒவ்வொரு கோப்பையிலிருந்தும் ஒரு சொட்டுத் தரையில் சிந்திவிட்டு, "ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லிக் குடித்தார்கள். பிறகு ப்ரொஃபீரா உள் அறைக்குப் போய், ஸம்ஃபீருக்கென்று வைத்திருந்த மூட்டையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

செத்தவர் பெயரைச் சொல்லி இங்கே ஒருவர் கையில் கொடுப்பது, அங்கே அவர் கைக்குப் போய்ச் சேரும். அதனால் கிழிந்ததைக் கொடுப்பதில்லை, அழுக்கானதையும் கொடுப்பதில்லை. கோட்டு, இஸ்திரி போட்ட இரண்டு சட்டை, மெருகேற்றிய காலணி, ஒரு தட்டு, ஒரு குவளை, புதுத் துண்டு, அதன்மேல் பின்னல் ரொட்டி, ரொட்டியில் செருகிய மெழுகுவத்தி. எல்லாவற்றுக்கும் மேலே, ப்ரொஃபீரா தன் கையால் பின்னிய கம்பளி உறைக்குள், தோவாதெருடைய செல்போன். சார்ஜரும் இருந்தது. கணக்கில் பணமும் போட்டிருந்தாள், அங்கே போய் அவர் பேச முடியாமல் நிற்கக் கூடாதே என்று.

"போனுமா?" என்றான் லாரிக்காரர்களில் இளையவன். "அங்க டவர் கெடைக்குமா, சாமி?"

"டவருக்கும் மேலயே போயிட்டாருப்பா," என்றார் பாதிரியார், வாயைத் துடைத்துக்கொண்டே. "அவருக்கு என்ன கவலை. நீ உன் பொண்டாட்டி கூப்பிட்டா எடுக்கப் பாரு."

"நான்தான் குடுக்கச் சொன்னேன்," என்றாள் காத்திங்கா. "சாகறதுக்கு முந்தி அந்த மனுஷன் கையில அதுதானே இருந்துச்சு? சிலுவையைவிட அதைத்தான் இறுக்கிப் பிடிச்சிருந்தாரு. அது இல்லாம அங்க போயி என்ன செய்வாரு, பாவம்."

ஸம்ஃபீர் மெழுகுவத்தியை அணையாமல் பிடித்துக்கொண்டு, "ஆண்டவன் மன்னிக்கட்டும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். காலணி அவருக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் இருந்தது. போனை மட்டும் சுடுபாத்திரம் போல இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இது என்னைக் கடிக்காதே, தங்கச்சி?"

"அவரையே கடிக்கல," என்றாள் ப்ரொஃபீரா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நாற்பது நாளில் அன்றுதான் முதல் தடவை.

அந்தப் போன் வீட்டுக்கு வந்து மூன்று கோடைகாலம் ஆகியிருந்தது. ஒதீலியாதான் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தாள். ப்ரொஃபீரா அதைத் தொடவே இல்லை. பொத்தான் வைத்த பழைய போன் தனக்குப் போதும் என்றுவிட்டாள். தோவாதெர்தான் ஆசைப்பட்டார். ஆனால் முப்பது குளிர்காலம் லாரிச் சக்கரத்தைப் பிடித்த அவருடைய விரல்களை அந்தக் கண்ணாடி கண்டுகொள்ளவே மாட்டேன் என்றது. அழுத்துவார், ஒன்றும் நடக்காது. புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவதுபோல விரலை நக்கிக்கொண்டு தேய்ப்பார், எதிர்பாராத ஏதோ ஒன்று திறந்துகொள்ளும். "இந்தக் கண்ணாடிக்கு என்னைப் பிடிக்கல," என்பார். மகள் படத்தோடு கூப்பிட்டால் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார். அவளுக்குத் தெரிவதெல்லாம் உத்தரமும் அவருடைய மூக்குத் துவாரமும்தான்.

எழுதி அனுப்புவது அவரால் ஆகாது என்று கண்ட பிறகு ஒதீலியா வேறு வழி சொல்லிக்கொடுத்தாள். ப்ரொஃபீராவின் பொத்தான் போனில் கூப்பிட்டு, அவர் காதில் வைக்கச் சொல்லி, "அப்பா, அந்தப் பச்சைக் கட்டத்தைத் திறங்க. கீழே மைக் படம் இருக்கா? அதை அமுக்கிப் பிடிச்சிக்கிட்டே பேசுங்க. பேசி முடிச்சிட்டுக் கையை எடுங்க. எனக்கு வந்துரும்" என்றாள்.

அன்றிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. ரொட்டித் துண்டைக் கடிக்கப் போவதுபோலப் போனை வாய்க்கு நேராகக் கிடையாகப் பிடித்துக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னார். பிளம் மரம் பூத்தது. பக்கத்து வீட்டுச் சேவல் செத்தது. நாயின் வாயருகே கொண்டுபோய், "ஒதீலியாவுக்கு ரெண்டு வார்த்தை சொல்லு" என்றார். நாயும் சொன்னது. ஒதீலியாவின் குரலும் பதிலுக்கு வரும். அதை நாலு தடவை, ஐந்து தடவை போட்டுக் கேட்பார். கூடவே வியந்துகொள்வார்: "போன வாரம் பேசினது இன்னிக்கும் அப்படியே இருக்கு பாரு, ப்ரொஃபீரா." அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே, "எனக்கு உங்க பேச்சு ஒருதடவை போதும்" என்பாள்.

போன வருஷம், ஈஸ்டர் முடிந்த வாரம், ஒதீலியாவின் குரல் வேறு மாதிரி வந்தது. ஊரிலேயே இருக்கும் புருஷன் நிஸ்தோரை விட்டுப் பிரிகிறேன் என்று சொன்னாள். நிஸ்தோர் லாரியில் தோவாதெருக்குக் கிளீனராக இருந்து வளர்ந்தவன். கல்யாணத்தைப் பேசி முடித்தவரே தோவாதெர்தான். அவர் முற்றத்தில் நின்றபடி கேட்டார், முகம் பீட்ரூட்டாகியது, மைக் படத்தை அழுத்திக் கத்தினார்: "அந்தப் பையனை விட்டுட்டு வர்றவளுக்கு இந்த வீட்டுல வாசல் கெடையாது. எனக்குப் பொண்ணே இல்லன்னு நெனச்சுக்கறேன்." மூச்சு வாங்குவதற்காகக் கையைத் தளர்த்தினார். போய்விட்டது.

போனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "நான் அனுப்பலயே," என்றார் ப்ரொஃபீராவிடம். "கையைத்தானே எடுத்தேன். அனுப்பவான்னு ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா இது?"

அதற்குப் பிறகு மகளின் குரல் அந்தப் போனுக்கு வரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் பொத்தான் போனில் கூப்பிடுவாள். ஆட்டை விசாரிப்பாள், அம்மாவின் முட்டி வலியை விசாரிப்பாள், அப்பாவை விசாரிக்க மாட்டாள். ஆனால் தோவாதெர் நிறுத்தவில்லை. தினமும் சாயங்காலம், வெயில் காலத்தில் சமைக்க முற்றத்தில் போட்ட தகரக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மகளோடு பேசினார். தகரச் சுவருக்கு இந்தப்புறம் ஆடு கறந்துகொண்டே ப்ரொஃபீரா அரைகுறையாகக் கேட்டாள். 'இவ்வளவு பேசுகிறாரே, கல்நெஞ்சுக்காரி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டேன் என்கிறாளே' என்று மனதுக்குள் மகளைத் திட்டினாள். அடக்கத்தன்று, சவப்பெட்டிக்குப் பக்கத்தில், அத்தனை பேர் முன்னிலையில் கேட்டும்விட்டாள்: "தினமும் உன்கிட்டதானடி பேசினாரு. ஒரு பதில் சொன்னா உன் வாய் தேஞ்சா போயிருக்கும்?" ஒதீலியா தலையைக் குனிந்துகொண்டாள்.

நாற்பதாம் நாளுக்கு முந்தின வாரம் ப்ரொஃபீரா சட்டைகளைத் துவைத்து, காலணியைத் துடைத்து, கடைசியில் போனை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குப் போனாள். அங்கே போன் கடை வைத்திருப்பவள் ருக்ஸாந்தா. தோவாதெர் அங்கே பழைய வாடிக்கை.

"இதைச் சுத்தம் பண்ணிக் குடு, மகளே. கடையிலேருந்து வந்த மாதிரி இருக்கணும். அவர் பேர்ல ஸம்ஃபீருக்குக் குடுக்கப் போறேன்."

"எல்லாத்தையும் எடுத்துரவா, அத்தை? போட்டோ, பேச்சு, எல்லாமும்?"

"எல்லாமும்தான். அழுக்குச் சட்டையை யாருக்காவது குடுப்போமா?"

போட்டோ என்று பார்த்தால் பிளம் மரமும், அவளுக்குத் தெரியாமல் எடுத்த அவளுடைய முதுகும்தான். பேச்சோ, பேசிய அன்றைக்கே ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. தந்தி கொடுத்தால் தந்தி தபாலாபீசிலேயா தங்கும்? ருக்ஸாந்தா எதையெதையோ அழுத்தினாள். கண்ணாடி கறுத்து, வெளுத்து, ஏதோ ஒரு மொழியில் வணக்கம் சொன்னது. பழைய எண்ணே இருக்கட்டும் என்று சிம்மை உள்ளேயே விட்டாள். அதில் பதிந்திருந்த பெயர்கள் இரண்டே இரண்டு, ஒதீலியா, ப்ரொஃபீரா. ஸம்ஃபீருக்கு உபயோகமாகட்டும் என்று பச்சைக் கட்டத்தையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தாள். தைலம் தேய்த்த பாதிரியார் சிலுவை போலப் பளபளத்த அதை ப்ரொஃபீரா கைக்குட்டையில் பொதிந்து மார்போடு வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு காரியம் ஒழுங்காக முடிந்தது என்ற நிம்மதி இருந்தது.

விருந்து கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஒதீலியா கூப்பிட்டாள். சலவை இயந்திரங்கள் பின்னால் இரைந்தன.

"அம்மா, அப்பா நம்பர்லேருந்து எனக்கு ஒண்ணு வந்திருக்கு."

"என்ன வந்திருக்கு?"

"குரல். யாரோ இருமறாங்க. அப்புறம் ஒரு கதவு கிறீச்சுங்குது. அவ்வளவுதான். அப்பா பேரு மேல வந்து நிக்குதும்மா, நான் பாத்ரூம்ல போயி உக்காந்துட்டேன். யார்கிட்ட இருக்கு அந்தப் போன்?"

"நம்ம ஸம்ஃபீர் கிட்டதான். நாப்பதாம் நாளுக்குக் குடுத்தேன். பாவம், எங்க அமுக்கறதுன்னு அவருக்குத் தெரியல. பயந்துட்டியா?"



"குடுத்துட்டியா."

"வேற யாருக்குடி குடுக்கறது? காலணிகூட அவருக்குத்தான் சரியா இருந்துச்சு."

"அதுல இருந்ததெல்லாம்?"

"அதெல்லாம் சுத்தமா எடுத்துட்டுத்தான் குடுத்தேன், கவலைப்படாதே. ருக்ஸாந்தா கடையிலயே குடுத்து..."

மறுமுனையில் எழுந்த சத்தம் அழுகையா இயந்திரமா என்று ப்ரொஃபீராவுக்கு முதலில் பிடிபடவில்லை.

"அம்மா, நான் அவரை அடைச்சு வச்சிருந்தேன்."

"என்னடி உளர்றே?"

"அந்தத் திட்டு வந்துச்சே, அன்னைக்கே அவர் நம்பரை நான் அடைச்சிட்டேன். அவர் பேசினது எதுவும் எனக்கு வராத மாதிரி. ஒண்ணுகூட வரல. செத்துட்டார்னு நீ சொன்னியே, அப்பதான் திறந்தேன். திறந்தா பழசெல்லாம் கொட்டும்னு பார்த்தேன். வராதாம். அது அவர் போன்லயே நின்னுருமாம்."

"நீ கேட்கவே இல்லையா? எதையுமா?"

"எதையும்."

"வந்தப்பவே சொல்லியிருக்கலாமே, பாவி."

"எப்படிச் சொல்லுவேன்? பெட்டிக்குப் பக்கத்துல நின்னு, அத்தனை பேர் முன்னாடி நீ கேட்டே. அடைச்சு வச்சேன்னு எந்த வாயால சொல்லுவேன்? கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டிருக்கேன். வந்து, உன்கிட்ட மட்டும் சொல்லிட்டு, ஒவ்வொண்ணா உக்காந்து கேட்கலாம்னு இருந்தேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அவர் எனக்குக் கடைசியாச் சொன்னது, எனக்குப் பொண்ணே இல்லன்னு. அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் என்னம்மா சொன்னாரு?"

ப்ரொஃபீரா போனைக் காதில் வைத்தபடியே, தலையில் கட்டிய கறுப்புத் துணியின் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நின்றாள். யாரோ ஒதீலியாவை வேலைக்குக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

கோட்டை மாட்டிக்கொண்டு ப்ரொஃபீரா நேராகக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஸம்ஃபீர் வீட்டுக்குப் போனாள். அவர் தோவாதெரின் கோட்டைப் போட்டுக்கொண்டு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையை உதறிவிட்டு, கம்பளி உறையோடு போனைக் கொண்டுவந்து நீட்டினார்.

"எடுத்துக்க, தங்கச்சி. எனக்கு இது வேண்டாம். நேத்து கோழிக்குத் தீனி போடறப்ப பாக்கெட்டுல கெடந்து அதுவா என்னவோ பண்ணிருச்சு. பாவம், அந்தப் புள்ளையைப் பயமுறுத்திட்டேன்."

"குடுத்ததைத் திருப்பி வாங்கக் கூடாது அண்ணே. வாங்கினா அவர் கையிலேருந்து பிடுங்கின மாதிரி."

"அப்ப ஒண்ணு பண்ணு. எடுத்துக்கிட்டுப் போயி அந்தக் கடைக்காரப் பொண்ணுகிட்ட காட்டிட்டு வா. அது என்கிட்டயே இருக்கறதாத்தான் கணக்கு. நான் சும்மா பாத்துக்கச் சொல்லிக் குடுத்தேன், அவ்வளவுதான். இதுக்குக் கூடவா சாமி கோவிச்சுக்கும்?"

மறுநாள் அந்தக் கணக்கில்தான் போன் மறுபடி டவுனுக்குப் போனது. ருக்ஸாந்தா அதை எதனுடனோ இணைத்து வெகுநேரம் பார்த்தாள். வந்து காத்திருந்த இரண்டு பேரை அப்புறம் வரச் சொன்னாள். கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள்.

"இல்ல, அத்தை. வேற எங்கயாவது ஒரு நகல் போட்டு வச்சிருந்தா எடுக்கலாம். மாமா அதெல்லாம் வேண்டாம்னுட்டாரு. நான் அன்னைக்கே கேட்டேனே, பேச்சும் எடுக்கணுமான்னு. பொண்ணு அடக்கத்துக்கு வந்துட்டுப் போச்சுன்னாங்க. அது எடுத்துக்கிட்டிருக்கும்னு நெனச்சேன்."

"அவ கேட்டிருப்பான்னுதானே நானும் நெனச்சேன், மகளே. அவருமே அப்படி நெனச்சுக்கிட்டுதான் போனாரு."

ருக்ஸாந்தா கண்ணாடியை மாட்டாமலே நிமிர்ந்தாள். "மாமாவா? இல்லையே. அவருக்குத் தெரியுமே."

"என்ன தெரியும்?"

"போன வருஷம் வெயில் காலத்துல வந்தாரு. இங்கதான் நின்னாரு. எல்லாத்துக்கும் ரெண்டு டிக் விழுந்துச்சு, இப்ப ஒண்ணுதான் விழுது, ஏன் மகளேன்னு கேட்டாரு. எனக்குச் சொல்லச் சங்கடமா இருந்துச்சு. ஒண்ணு விழுந்தா இங்கேருந்து கெளம்பிருச்சுன்னு அர்த்தம், அங்க சேரல மாமான்னேன். ஏன் சேரலன்னாரு. ஒருவேளை அவங்க உங்களை அடைச்சு வச்சிருக்கலாம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் அந்த கவுண்டரைத் தடவிக்கிட்டே நின்னாரு. அப்ப நான் பேசறதெல்லாம் எங்க போகுதுன்னு கேட்டாரு. எங்கயும் போகல, உங்க போன்லயேதான் இருக்குன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"சரி, இருக்கட்டும்னாரு. ஒரு சார்ஜர் வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு."

ப்ரொஃபீரா பக்கத்திலிருந்த முக்காலியைத் தேடி உட்கார்ந்தாள். போன வருஷம் வெயில் காலம் என்றால், அதற்குப் பிறகு அறுவடை, பனி, மறுபடி ஈஸ்டர், மறுபடி ஒரு கோடை. அத்தனை சாயங்காலமும் சேராது என்று தெரிந்தே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கிறார். வெளியே வந்து, "இன்னிக்கு உப்பு ஜாஸ்தின்னு உன் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்" என்று அவளிடம் சிரித்துமிருக்கிறார். ருக்ஸாந்தா தண்ணீர் கொண்டுவந்தாள். ப்ரொஃபீரா அதை வாங்கிக் கவுண்டர்மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

வழியிலேயே போனை ஸம்ஃபீரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், ஒதீலியாவைக் கூப்பிடவில்லை. பேசினால் அழுகைதான் வரும், விஷயம் வராது. மேசையைத் துடைத்துவிட்டு, காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். அன்று முடியவில்லை. மறுநாளும், அதற்கு மறுநாளும், வேலை ஒழிந்த நேரமெல்லாம் எழுதினாள். ஆடு கறக்கும்போது திடீரென்று ஒன்று நினைவுக்கு வரும். கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து எழுதிவிட்டுப் போவாள். முதல் காகிதத்தில் தான் என்ன செய்தாள் என்பதை எழுதினாள். சட்டையைத் துவைத்ததுபோல உன் அப்பாவின் பேச்சையும் துவைத்துவிட்டேன், அது அழுக்கில்லை என்று எனக்குத் தெரியவில்லை என்று எழுதினாள். அதற்குப் பிறகு, தகரச் சுவர் வழியாகக் காதில் விழுந்தவற்றைப் பருவகாலம் பருவகாலமாக, வரிசையாக எழுதினாள்.

மோட்டார் சிக்கிக்கொண்டது என்று சொன்னார். பீன்ஸ் சூப்பில் உன் அம்மா உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறாள் என்று சொன்னார். திராட்சைக் கொடி நறுக்கியாயிற்று என்றார். நாய் நாலு குட்டி போட்டது, ஒன்றுக்கு உன் பெயரை வைக்கலாமா என்று பார்த்தேன், உன் அம்மா அடிக்க வந்தாள் என்றார். நிஸ்தோர் பஸ் நிறுத்தத்தில் பார்த்தும் பேசாமல் போனான் என்றார். பனி பெய்த அன்றைக்கு, அங்கே பனி உண்டா, கையுறை வைத்திருக்கிறாயா என்று கேட்டார். ஒருநாள் வெறுமனே இருமிக்கொண்டே இருந்தார். ஒருநாள், ஒதீலியா, அப்பாதான், என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

காத்திங்கா முட்டை கொண்டுவந்தவள், பக்கத்தில் உட்கார்ந்து காகிதங்களைக் கையில் எடுத்தாள். அவள் கண்ணாடி போடாமலே படிப்பவள்.

"என்னடி இது, சூப்பும் நாய்க்குட்டியும்? அந்தப் பொண்ணு இதுக்கா அழுவுது?"

"அவர் சொன்னதை எழுதறேன்."

"மன்னிச்சிட்டேன்னு சொன்னாரா, இல்லையா? அதைச் சொல்லு."

ப்ரொஃபீரா கடைசியாக எழுதியிருந்த இடத்தைக் காட்டினாள். இந்த வருஷம் தக்காளி நட்ட சமயம். தோவாதெர் உள்ளே போய் வெகுநேரம் கழித்து, "அன்னைக்கு நான் சொன்னது" என்று ஆரம்பித்தார். அதோடு நின்றுவிட்டது. ஆட்டின் மடியில் கையை வைத்தபடி அவள் காத்திருந்தாள். பிறகு குரல் வந்தபோது, தக்காளிக்கு நடக் குச்சி போதவில்லை, காட்டுக்குப் போய் வெட்டிவர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதோ வந்துருச்சே!" என்றாள் காத்திங்கா. "அன்னைக்கு நான் சொன்னது தப்புன்னு எழுது. என்னை மன்னிச்சுரு மகளேன்னு எழுது. மனசுல அதுதானே இருந்துச்சு? யாரு போயிப் பார்க்கப் போறா? அந்தப் போன்லதான் ஒண்ணுமே இல்லையே இப்ப."

"மனசுல இருந்துச்சு. வாய்ல வரல."

"நீ சொன்னா வந்த மாதிரிதான். ஒரே ஒரு வரிடி. அந்தப் பொண்ணு சாகற வரைக்கும் நிம்மதியா இருக்கும்."

ப்ரொஃபீரா பேனாவை எடுத்தாள். 'அன்னைக்கு நான் சொன்னது' என்ற வரியின் முடிவில் இடம் இருந்தது. ஒரு சொல் தாராளமாகக் கொள்ளும். முனையைக் காகிதத்தில் வைத்தாள். நீலப் புள்ளி ஒன்று விழுந்தது. ஒதீலியா இயந்திரங்களுக்கு நடுவே நின்று அந்தச் சொல்லைப் படிப்பது கண்ணில் தெரிந்தது. உடனே இன்னொன்றும் தெரிந்தது: படித்த அன்றிலிருந்து அவள் காதில் அப்பாவின் குரலில் அது ஒலித்துக்கொண்டிருக்கும், அவர் சொல்லாத ஒன்று, அவர் குரலில்.

"முடியாதுடி," என்றாள். "அவர் பேசினதை ஒருதடவை தொலைச்சாச்சு. இப்ப பேசாததை அந்த இடத்துல வைக்கச் சொல்றியா?"

"நீயும் அவரை மாதிரியே பிடிவாதம். குடும்பமே அப்படி." காத்திங்கா இடுப்பில் கட்டிய துணியால் கண்ணை அழுத்திக்கொண்டு முட்டையைக் கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "அப்ப அந்தப் பொண்ணுக்குச் சொல்றதுக்கு என்னதான் இருக்கு?"

ப்ரொஃபீரா புதுக் காகிதம் எடுத்தாள். ருக்ஸாந்தா கடையில் கேட்டதை, கேட்டபடியே எழுதினாள். ஒரு டிக், இரண்டு டிக். உன் அப்பா கேட்ட கேள்வி. அவளுடைய பதில். நீ அடைத்தது அவருக்குத் தெரியும் மகளே, போன வருஷம் வெயில் காலத்திலேயே தெரியும், சேராது என்று தெரிந்துதான் மற்றதையெல்லாம் சொல்லியிருக்கிறார், சரி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்து சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டு ஒருமுறை வாசித்தாள். இது மகளைத் தேற்றுமா, இன்னும் கிழிக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதையும் அடிக்கவில்லை. கீழே, ஆடு நலம், முட்டி பரவாயில்லை, கிறிஸ்துமஸுக்கு வா, உன் அம்மா, என்று முடித்தாள்.

ஸ்பெயினுக்குப் பொட்டலம் ஏற்றிப் போகும் வேன் வியாழக்கிழமை பெட்ரோல் பங்க் அருகே நின்றது. ஜாம் பாட்டிலும் புகையூட்டிய இறைச்சியும் கட்டிய அட்டைப்பெட்டிகளோடு ஊர் ஜனம் வரிசையில் நின்றது. ப்ரொஃபீராவின் கையில் உறை மட்டும்தான் இருந்தது. டிரைவர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"சாப்பாடு ஒண்ணும் இல்லையா, அக்கா? உள்ள என்ன?"

"பேப்பர்தான்."

"திறந்திருக்கே. ஒட்டிக் குடுங்க, வழியில கொட்டிரும்."

வரிசையை விட்டு விலகி, வேனின் பின் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ப்ரொஃபீரா காகிதங்களை உள்ளே சரியாகத் தள்ளினாள். உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்தாள், கட்டை விரலால் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை அழுத்தினாள், ஒட்டிக்கொண்டதா என்று நகத்தால் நெம்பிப் பார்த்தாள். பிறகு டிரைவரிடம் நீட்டினாள். அவர் அதை வேனின் முன்கண்ணாடிக்கும் அதன் கீழ்ப் பலகைக்கும் இடையில் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.